ரெண்டு பேர் கும்பிட்ட பிள்ளையார்

பையை இப்படிக் குடுங்கம்மா, நான் மடியில வெச்சுக்கறேன். நீங்க நல்லா உள்ள தள்ளி உக்காருங்க. விழுப்புரம் வரைக்குமா? நானும் அங்கதான் எறங்கறேன். அங்க இருந்து ஜெயங்கொண்டம் வண்டி புடிக்கணும்.

வந்தவாசிக்கு அந்தாண்ட ஒரு ஊருக்குப் போயிட்டு வரேன். சொந்தக்காரங்க வீடான்னு கேக்கறீங்க. என்னன்னு சொல்றது? சொந்தம் இல்ல. எங்க ஊர் எங்க இருக்கு, அவங்க ஊர் எங்க இருக்கு! ஆனா எங்க வீட்டுக்காரர் வயித்துக்குள்ள அந்த வீட்டுப் புள்ளையோட ஈரல் இருக்கு. இதுக்கு என்ன உறவுமுறைன்னு உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.

பயந்துட்டீங்களா? ஆபரேஷன் பண்ணி வெச்சதும்மா. நாலு வருஷம் ஆச்சு. மனுஷன் நல்லா இருக்காரு. காலைல குழம்புல உப்பு இல்லன்னு சத்தம் போடற அளவுக்கு நல்லா இருக்காரு.

எம் பேரு குணவதி. அவரு பேரு நடேசன், நெல்லு மிஷின்ல வேலை. ஒரு பொட்டு குடிச்சது கிடையாது. முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கல்லீரல் கெட்டுப்போச்சுன்னா எல்லாரும் அதைத்தான் நெனைப்பாங்க. இவருக்கு ரத்தத்துல ஏதோ கிருமி. எத்தனை வருஷமா உள்ள இருந்து அரிச்சுதோ, கண்ணு மஞ்சளாகி, வயிறு பானை மாதிரி வீங்கி, கை காலெல்லாம் குச்சியா ஆனப்பறம்தான் தெரிஞ்சுது. தஞ்சாவூர்ல பாத்தோம், கையை விரிச்சுட்டாங்க. பதினஞ்சு நாள்னு சொன்னாங்க. மெட்ராஸ்ல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பேரு வேணாம், நல்ல ஆஸ்பத்திரி, அவங்கமேல ஒரு குத்தமும் இல்ல.

அங்க டாக்டர் சொன்னாரு, "ஈரலை மாத்தறதுதான் வழி. யாராவது மூளைச்சாவு ஆகி, அவங்க வீட்ல குடுத்தாத்தான் உண்டு. பேரை எழுதி வெச்சிருக்கோம். இவரு ஓ பாசிட்டிவ். அதே குரூப்பா வரணும்." நான் குடுக்கறேன்னு சொன்னேன்மா. எனக்குச் சக்கரை இருக்கு, வேணாம்னுட்டாங்க. எம் பொண்ணு சங்கவி குடுக்கறேன்னா. அவளுக்குக் குரூப்பு சேரல. அப்பறம் என்ன, காத்துக் கெடக்க வேண்டியதுதான்.

நான் கும்பிட்டுக்கிட்டே கெடந்தேன். ஆஸ்பத்திரிக்குள்ள அரசமரத்தடியில ஒரு பிள்ளையார். சின்னக் கோயில்தான், ஆள் குனிஞ்சு போகணும். காலைல குளிச்சதும் அவருகிட்ட போயிடுவேன். நான் கும்பிட்டா சாமி கேக்கும்னு எங்க தெருவுல ஒரு பேச்சு உண்டு. யாருக்கு என்ன ஆனாலும், "குணவதி, நீ ஒரு சூடம் கொளுத்திட்டு வா"ன்னுதான் சொல்லுவாங்க. பதினஞ்சு நாள்னு சொன்ன மனுஷன் நாப்பது நாள் தாங்கிட்டாரா, அது வேற. வார்டுல எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தேன்.

அப்பத்தான் பச்சையம்மா வந்தா.

நோயாளிகூட இருக்கறவங்க தங்கறதுக்கு ஒரு தகரக் கொட்டாய் போட்டிருந்தாங்க. ஒருநா காலைல நான் புடவை காயப் போட்டுக்கிட்டு இருக்கேன், ஒரு பொம்பள வந்து நிக்கறா. ஒரு கால்ல மட்டும் செருப்பு. புடவை முந்தியில ரத்தம் காஞ்சு கெடக்கு. என்னை விட ஒரு எட்டு வயசு சின்னவளா இருப்பா. "அக்கா, இங்க தண்ணி எங்க கெடைக்கும்?"னு கேட்டா. அவ்வளவுதான், பேசறதுக்கு வேற தெம்பு இல்ல.

அவ புள்ள யுவராஜ். இருபத்திரண்டு வயசு. கம்பெனி வேலைக்குப் போனவன், வண்டியில, ஒரு திருப்பத்துல லாரி. தலையில அடி. புருஷன் இல்லாதவ. ஒரே புள்ள.

எனக்கு அந்த எடம் நாப்பது நாளாப் பழக்கமில்லையா? குளிக்கற எடத்தைக் காட்டினேன். எம் புடவை ஒண்ணு குடுத்தேன். எந்த வாட்ச்மேன்கிட்ட எப்படிப் பேசினா உள்ள விடுவான்னு சொல்லிக் குடுத்தேன். எனக்கு வாங்கின இட்லியில ரெண்டு வெச்சுக் குடுத்தேன், தொடல. நான் வாயில ஊட்டிவிட்டேன். இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, நான் கெட்டவ இல்லம்மா. அத நீங்க தெரிஞ்சுக்கணும்.

"உங்க வீட்டுக்காரருக்கு என்னக்கா?"ன்னு கேட்டா. "மஞ்சக்காமாலை"ன்னு சொன்னேன். அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். ஈரல்னு சொன்னா, குடிகாரனான்னு ஒரு பார்வை பாப்பாங்களே, அதுக்கு பயந்துக்கிட்டு. பொய் இல்ல அது. மஞ்சக்காமாலைதான். முழுசாச் சொல்லல, அவ்வளவுதான்.

அன்னிக்கு மத்தியானம் ஓடி வந்தா. "அக்கா, ரத்தம் வேணுமாம். ஓ பாசிட்டிவாம். யாராவது இருக்காங்களான்னு கேக்கறாங்க. இங்க எனக்கு யாரைத் தெரியும்?"

ஓ பாசிட்டிவ். அந்த வார்த்தை காதுல விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு ஓடுச்சு. அது என்ன சிலிர்ப்புன்னு அந்த நிமிஷம் எனக்கே தெரியல. சத்தியமாத் தெரியல. கொட்டாய் முழுக்க ஓடி ரெண்டு பேரைப் புடிச்சுக் குடுத்தேன், ரத்தம் குடுக்க. அதையும் நான்தான் செஞ்சேன்.

மறுநா காலைல என்னோடவே பிள்ளையார்கிட்ட வந்தா. "அக்கா, நீங்க கும்பிட்டா சாமி கேக்குமாமே. வார்டுல சொன்னாங்க. என் புள்ளைக்கும் சேத்துக் கும்பிடுங்கக்கா. எனக்கு என்ன சொல்லிக் கும்பிடறதுன்னே தெரியல, வார்த்தையே வரல." என் கையைப் புடிச்சுக்கிட்டா. கை ஜில்லுனு இருந்துச்சு.

கும்பிடறேன்மான்னு சொன்னேன். கண்ணை மூடினேன். "பிள்ளையாரப்பா, பச்சையம்மா புள்ளையக் காப்பாத்து"ன்னு வாய்விட்டுச் சொன்னேன், அவளுக்குக் கேக்கற மாதிரி. சுத்தி வந்தோம். முதல் சுத்து சரியாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது சுத்துல எங்க வீட்டுக்காரர் முகம் வந்துச்சு. மூணாவது சுத்துல, வாய்க்குள்ள, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, "அந்தப் புள்ளைக்கு ஆயுசு இல்லேன்னா, அது வீணாப் போக வேணாம் சாமி"ன்னு சொன்னேன்.

கேட்டீங்களா? ஆயுசு இல்லேன்னா. நல்ல வார்த்தைதானே? யாரு கேட்டாலும் நல்ல வார்த்தைதான். ஆனா அந்த "இல்லேன்னா"வுக்குள்ள நான் எதை ஒளிச்சு வெச்சேன்னு சாமிக்குத் தெரியாதா? மனுஷங்களை ஏமாத்தலாம். அவரு அத்தனை பெரிய காதை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

அந்தப் பக்கம் ஒருத்தி காப்பாத்துன்னு கும்பிடறா. பக்கத்துலயே இன்னொருத்தி இப்படிக் கும்பிடறா. ஒரே பிள்ளையார். அவரு யார் பேச்சைக் கேப்பாரு? என் பேச்சைக் கேட்டாரும்மா. மூணாம் நாள் டாக்டருங்க ரெண்டு தடவை சோதனை பண்ணிப் பாத்துட்டு, மூளை செத்துப்போச்சுன்னு சொல்லிட்டாங்க.

கொஞ்சம் அந்தக் கண்ணாடியச் சாத்துறீங்களா? காத்து மூஞ்சியில அடிக்குது. ம், போதும்.

என்ன சொன்னேன்? ஆமா. சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரியில இதுக்குன்னே ஒரு பொண்ணு இருந்துச்சு, தன்மையாப் பேசும். அது பச்சையம்மாவை உக்கார வெச்சு, உறுப்பெல்லாம் தானம் குடுக்கறீங்களான்னு கேட்டுச்சு. கட்டாயம் இல்லம்மா, யோசிச்சுச் சொல்லுங்கன்னுதான் சொல்லுச்சு. அவ கொழுந்தன் ஒருத்தன் ஊர்ல இருந்து வந்திருந்தான், அவன் குதிக்கறான், "அறுத்துக் கூறு போட்டா என் அண்ணன் புள்ளைய எடுத்துட்டுப் போறது?"ன்னு.

பச்சையம்மா நேரா எங்கிட்ட வந்தா. வேற யாருகிட்டயும் போகலம்மா, எங்கிட்டதான் வந்தா. நான் தண்ணி புடிச்சுக்கிட்டு இருந்தேன். குழாயடியிலயே தரையில உக்காந்துட்டா.

"அக்கா, நெஞ்சு ஏறி எறங்குதுக்கா. கையைத் தொட்டா சூடா இருக்கு. செத்துட்டான்னு சொல்றாங்க. சூடா இருக்கறவனை எப்படிக்கா செத்துட்டான்னு சொல்றது? இன்னும் ரெண்டு நாள் வெச்சுப் பாக்கலாமா? சாமி எழுப்பாதா? நீங்க சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அப்படிச் செய்யறேன்."

குடம் நிரம்பி வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நான் குழாயை மூடினேன். அவ பக்கத்துல உக்காந்தேன். தலையைத் தடவிக் குடுத்தேன். சொன்னேன், "பச்சையம்மா, சாமி கேக்கலேன்னு நெனைக்காத. கேட்டுட்டாரு. அவரு கேக்கறது நாம கேக்கற மாதிரி இருக்காது. உன் புள்ளைய ஒரு எடத்துல இருந்து எடுத்து அஞ்சு எடத்துல வைக்கப் போறாரு. குடுத்துடு. மண்ணுக்குப் போறது அஞ்சு உசுருக்குப் போகட்டும். இதைவிடப் புண்ணியம் கெடையாது."

நல்ல வார்த்தைதானே? நீங்களே சொல்லுங்க. டாக்டரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க. பள்ளிக்கூடத்துல வாத்தியாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாங்க. அதுல ஒரு தப்பும் இல்ல. என் தப்பு கும்பிட்டதுதான். நாலு வருஷமா நான் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன், இன்னிக்கு மத்தியானம் வரைக்கும்.

"நீங்க சொன்னா சரிக்கா"ன்னு எழுந்து போனா. கையெழுத்துப் போட்டா.

சாயந்தரம் எங்களைக் கூப்பிட்டாங்க. "ஓ பாசிட்டிவ்ல ஒரு ஈரல் கெடைச்சிருக்கு, இவருக்குத்தான் முதல் பேரு, தயாராகுங்க." யாரோடதுன்னு சொல்ல மாட்டாங்க, அது சட்டமாம். நான் கேக்கவும் இல்ல. கேட்டாத்தானே தெரியும்? கேக்கலேன்னா தெரியாதுன்னு இருந்துடலாம் பாருங்க. விடியற வரைக்கும் ஆபரேஷன் நடந்துச்சு. நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னாங்க. நான் அழுதேன். சந்தோஷத்துலதான் அழுதேன், ஏன் மறைக்கணும்.

பத்து மணி இருக்கும். அந்தப் புள்ளைய ஊருக்கு எடுத்துட்டுப் போறதுக்கு வண்டி வந்து நின்னுச்சு. டாக்டருங்க, நர்சுங்க எல்லாம் ரெண்டு பக்கமும் வரிசையா நின்னு கும்பிட்டாங்க. பச்சையம்மா நடுவுல நடந்து வரா. வந்தவ, வண்டியில ஏறாம, திரும்பித் திரும்பிப் பாக்கறா. வாட்ச்மேன்கிட்ட கேக்கறா, "அந்த அக்கா எங்க? ஜெயங்கொண்டத்து அக்கா. சொல்லிட்டுப் போகணும்."

நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்தேன். பத்தடிதான். அவ குரல் எனக்கு நல்லாக் கேக்குது. கூப்பிட்டா போயிடலாம். போகல. வாட்ச்மேன் எம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான், ரெண்டு தடவை. நான் சுவத்துல ஒட்டிக்கிட்டு, மூச்சை அடக்கிக்கிட்டு நின்னேன், கோழி திருடின மாதிரி.

வண்டி போனப்பறம் வாட்ச்மேன் ஒரு பையைக் கொண்டாந்து குடுத்தான். "உங்க வீட்டுக்காரருக்கு உதவும்னு குடுத்துட்டுப் போச்சும்மா." பிரிச்சுப் பாத்தேன். ரெண்டு புது லுங்கி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு சோப்பு. புள்ள கண்ணு முழிச்சா கட்டிக்கறதுக்குன்னு முதல் நாளே வாங்கி வெச்சிருக்கா.

அந்த லுங்கியை எங்க வீட்டுக்காரர் கட்டினாரு. நான் என்ன சொல்லித் தடுக்கறது? நல்ல துணியா இருக்கே, எங்க வாங்கினன்னு கேட்டாரு.

ஊருக்கு வந்தோம். தெருவே வந்து பாத்துச்சு. "குணவதி கும்பிட்டா கும்பிட்டதுதான், எமன்கிட்ட இருந்து புடிச்சு இழுத்தாந்துட்டா"ன்னு சொன்னாங்க. இழுத்துக்கிட்டுத்தான் வந்தேன். பதிலுக்கு யாரைத் தள்ளிவிட்டுட்டு வந்தேன்னு எனக்குத்தானே தெரியும். அதுல இருந்து எனக்குக் கும்பிட வாய் வரலம்மா. விளக்கு ஏத்துவேன், வீடு பெருக்கற மாதிரி. நின்னு ஒண்ணு கேக்கறதுன்னா அடுப்படிக்குத் திரும்பிடுவேன். சாமி இல்லேன்னு இல்ல. இருக்காரு. கேக்கறாரு. எனக்கு பயமே அதுதான். கேக்காத சாமியா இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்.

ஒருநா தாங்காம எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், பிள்ளையாரைச் சுத்தினதை மட்டும். மனுஷன் சிரிக்கறாரு. "நீ கும்பிட்டுத்தான் லாரி மோதுச்சா? லாரி மோதி ரெண்டு நாள் கழிச்சுத்தானேடி கும்பிட்ட? அவ்வளவு சக்தி இருந்தா என்னை மிஷின் ஓனரா ஆக்கச் சொல்லிக் கும்பிட்டிருக்கலாமே!" அவருக்கு எல்லாம் சிரிப்பு. சோத்துல குழம்பை ரெண்டாம் தடவை ஊத்திக்கிட்டு, புளிப்பு ஜாஸ்தின்னு வேற சொன்னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஒரு பையன் போய்ச் சேந்தது இந்த மனுஷன் புளிப்பு பாக்கறதுக்கான்னு நெனச்சேன். உடனே கன்னத்துல போட்டுக்கிட்டேன். எம் புருஷனை நானே எப்படி அப்படி நெனைப்பேன்? ஆனா நெனச்சேன்.

இப்ப ஏன் போனேன்னு கேக்கறீங்களா? போன ஆவணி மாசம் எம் பொண்ணு சங்கவிக்குப் பிரசவம். வலி எடுத்து ஒரு நாள் ஆச்சு, கொழந்தை எறங்கல. மாப்பிள்ளையோட அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு அழறாங்க, "சம்பந்தி, நீங்க கும்பிடுங்க, நீங்க கும்பிட்டா கேக்கும்"னு. பக்கத்துல இன்னொரு பொண்ணு, அதுவும் தலைப்பிரசவம், அதோட அம்மா வெராந்தாவுல முட்டி போட்டுக்கிட்டு இருக்கு. நான் அந்த அம்மாவைப் பாத்தேன். நான் வாயைத் தொறந்து கேட்டா, அதோட பொண்ணு உசுரை எடுத்து எம் பொண்ணுக்குக் குடுத்துடுவாரோன்னு ஒரு நடுக்கம் வந்துச்சு பாருங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். பெத்த பொண்ணு உள்ள கத்தறா, நான் சாமியைக் கூப்பிடல. நீ கேக்காத, நீ இந்தப் பக்கம் திரும்பாதன்னு நின்னேன்.

ரெண்டு பேருக்கும் நல்லபடியாப் பொறந்துச்சு. ரெண்டும் பொட்டப் புள்ளைங்க.

அன்னைக்கு முடிவு பண்ணினேன். நல்லது நடக்கும்போதும் நிம்மதி இல்ல. பேத்தியை மடியில வெச்சுக்கிட்டா, யாருகிட்ட இருந்து எடுத்துக் குடுத்த புள்ளையோன்னு தோணுது. இதை அவகிட்ட சொல்லாம தீராதுன்னு, ஊர் பேரு மட்டும் ஞாபகம் இருந்துச்சு, இன்னிக்குக் காலைல கெளம்பி வந்துட்டேன். வீட்ல வந்தவாசியில ஒரு வேலைன்னு சொல்லிட்டு வந்தேன்.

பச்சையம்மா அங்கன்வாடியில சமையல் பண்றா. நான் போனப்ப புள்ளைங்களுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்தா. ஆளு பாதியாப் போயிட்டா. என்னை நிமிந்து பாத்தவ, ஒரு நிமிஷம் அப்படியே நின்னா. அப்பறம் கரண்டியைப் போட்டுட்டு ஓடி வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டா. "அக்கா! ஜெயங்கொண்டத்து அக்கா!"

அடிச்சிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

"உங்களை நெனைக்காத நாள் இல்லக்கா. அன்னிக்கு நீங்க சொல்லலேன்னா நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். கொழுந்தன் பேச்சைக் கேட்டு முழுசா மண்ணுக்குக் குடுத்திருப்பேன்."

மரத்தடியில உக்காந்தோம். நான் சொன்னேன். பிள்ளையாரைச் சுத்தினதை, மூணாவது சுத்துல என்ன சொன்னேங்கறதை, எல்லாத்தையும் சொன்னேன். உன் புள்ளைக்குன்னு சொல்லிட்டு எம் புருஷனுக்குக் கேட்டேன்டி பச்சையம்மான்னு அழுதேன்.

அவ என் கையை எடுத்துப் புடிச்சுக்கிட்டா. அப்பறம் சொன்னா, "அதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க? நானும்தான்க்கா கேட்டேன். ரெண்டாம் நாள் சாயந்தரம் உள்ள விட்டாங்க. தொண்டையில குழாய், மூக்குல குழாய். அவன் படற பாட்டைப் பாத்துட்டு, போதும்ப்பா, எடுத்துக்கன்னு நானே கேட்டேன். பெத்தவ கேட்டேன். நீங்க கேட்டதையா கேட்டாரு, நான் கேட்டதையா கேட்டாரு? இல்ல, ரெண்டையும் கேக்காம லாரிக்காரன் செஞ்சதுக்கு அவரு என்ன பண்ணுவாருன்னு இருந்தாரா? எனக்குத் தெரியலக்கா. நானும் அதை நெனச்சுத்தான் கெடந்தேன்."

எனக்குப் பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சும்மா. நாலு வருஷத்துல முதல் தடவையா மூச்சு நல்லா வந்துச்சு. முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

அவ எதையோ யோசிச்சுக்கிட்டே இருந்தா. மெதுவா கேட்டா, "இருங்கக்கா. எம் புள்ளைது எதுக்கு உங்க வீட்டுக்காரருக்கு? அவருக்கு மஞ்சக்காமாலைன்னு இல்ல சொன்னீங்க?"

ஈரல்னு சொன்னேன்.

"ஈரலு." அவ்வளவுதான் சொன்னா. "யாருதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. ஆனா தெரியும். அன்னிக்கு ஓ பாசிட்டிவ் வேற யாரும் இல்ல."

"அப்ப நான் குழாயடியில வந்து கேட்டப்ப? அப்பவே வரிசையில அவரு பேரு இருந்துச்சா?"

"முதல் பேரு."

என் கையை அவ புடிச்சிருந்தா. விட்டுட்டா. வெடுக்குன்னு இல்ல, மெதுவா, பாத்திரத்தைக் கீழ வைக்கற மாதிரி எடுத்து என் மடியில வெச்சுட்டா.

"நான் அன்னிக்கு யோசனை கேட்டேனே, அது என் அக்காகிட்ட கேட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். வரிசையில நின்ன ஆளுகிட்ட இல்ல கேட்டிருக்கேன்."

"சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டியா பச்சையம்மா?"ன்னு கேட்டேன். எப்படி அப்படிக் கேட்டேனோ.

"குடுத்திருப்பேன். ஒரு நாழி முன்னாலயே குடுத்திருப்பேன். தெரிஞ்சு குடுத்திருப்பேன்." அவ குரல் அப்பத்தான் ஒசந்துச்சு. "எனக்கு ஊட்டிவிட்ட அக்கா புருஷனுக்குக் குடுத்தோம்னு நாலு வருஷம் இருந்திருப்பேன். என்ன ஆகி இருக்கேன் தெரியுமா? எந்த ஊரோ, யாரோன்னு, பஸ்ல எதிர்ல உக்காந்திருக்கறவன் வயித்தைப் பாப்பேன். திருவிழாவுல எவனாவது நல்லாச் சிரிச்சா, இவனா இருக்குமோன்னு பின்னாலயே போவேன். ஊர்ல புத்தி பெரண்டுடுச்சுன்னாங்க. ஒரு கடுதாசி போட்டிருக்கலாமேக்கா. ஒரு போன். ஜெயங்கொண்டத்துல ஒரு மனுஷன் நல்லா இருக்காருன்னு ஒரு வார்த்தை."

நான் அவ கால்ல விழப் போனேன். நகந்துட்டா. "மன்னிச்சுடு பச்சையம்மா, மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு"ன்னேன்.

"அதை சாமிகிட்ட கேளுங்க. நீங்க கேட்டாத்தான் கேக்கறாரே."

எழுந்து உள்ள போயிட்டா. புள்ளைங்களுக்குக் கை கழுவி விடற சத்தம் கேக்குது. நான் வெயில்ல நிக்கறேன். போறதா இருக்கறதான்னு தெரியல. பாருங்கம்மா, நாலு வருஷமா நான் சாமி முன்னால செஞ்ச தப்பையே புடிச்சுக்கிட்டுத் தொங்கினேன். அது பெரிய தப்பு, சாமி சம்பந்தப்பட்ட தப்பு, அதுல ஒரு கௌரவம் இருக்கு போல. குழாயடியில ஒருத்திக்கு முன்னால செஞ்சதை நான் திரும்பிக்கூடப் பாக்கல. அது கண் எதிர்ல கெடந்துச்சு.

புள்ளைங்க தூங்கினப்பறம் வெளிய வந்தா. கண்ணு செவந்திருந்துச்சு. ஒரு தட்டுல சோறும் முட்டையும் வெச்சு நீட்டினா. "சாப்பிட்டுட்டுப் போங்க." நான் சாப்பிட்டேன். எறங்கல, ஆனா மிச்சம் வைக்க தைரியம் இல்ல. அவ எதிர்லயே நின்னா.

"பதினெட்டாம் தேதி அவனுக்குத் திதி குடுக்கறோம். உங்க வீட்டுக்காரர் வரணும். எல போட்டு நான் பரிமாறணும். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி. அவரு வரணும்."

அவ்வளவுதான். போயிட்டு வாங்கன்னுகூடச் சொல்லல.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, உக்காந்து, எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். நேர்ல சொல்லலாம்னுதான் இருந்தேன், ஆனா வீட்டுக்குப் போனா மறுபடியும் பாதியைச் சொல்லிட்டு பாதியை முழுங்கிடுவேன்னு எனக்கே தெரியும். குழாயடியில நடந்ததை, தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னதை, அந்த லுங்கி யாரோடதுங்கறதை, எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லிட்டேன். பதினெட்டாம் தேதி வரச் சொல்லியிருக்கான்னு சொன்னேன்.

எப்பவும் நான் ஒண்ணு சொன்னா ஒம்பது பேசற மனுஷன். சத்தமே இல்ல. வெச்சுட்டாரோன்னு பாத்தேன், வெக்கல. மூச்சு விடறது கேக்குது.

அப்பறம் கேட்டாரு, "அந்தப் புள்ள பேரு என்ன சொன்ன?"

"யுவராஜ்."

"அவனுக்கு என்ன வயசு?"

"இருபத்திரண்டு."

போன் கட்டாயிடுச்சு. நான் நாலு தடவை போட்டுட்டேன், எடுக்கல. டவர் இல்லையா, இல்ல அழறாரான்னு தெரியல. தனியா வேற இருக்காரு. மாத்திரை போடற நேரம் இது, நான் ஞாபகப்படுத்தாம போட மாட்டாரு. நேரம் தவறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதிர்ச்சியில எதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு. பிள்ளையாரப்பா, நான் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அவரை நல்லபடியா வெச்சிருப்பா, உனக்குக் கோடி புண்ணியம்...

ஐயோ. என்னம்மா சொன்னேன் இப்ப? கேட்டீங்களா நீங்க?

சாமிகிட்ட கேட்டுட்டேனே. நாலு வருஷமா வராதது, என்னையறியாம வந்துடுச்சே.

இருங்கம்மா, கண்ணைத் துடைச்சுக்கறேன். பிள்ளையாரப்பா, கேட்டது கேட்டுட்டேன். அவரை மட்டும் இல்ல, பச்சையம்மாவையும் பாத்துக்க. அவ இன்னிக்கு ராத்திரியாவது தூங்கணும். வேற யாருகிட்ட இருந்தும் எடுத்துக் குடுக்காத. உன்கிட்ட இருக்கறதுல இருந்து குடு.